பிஎச்பியில் எக்செப்ஷன் கையாளுதல்: மேலிருந்து கீழாக ஒரு முழுமையான வழிகாட்டி

பராமரிக்கச் சொல்லி என் கைக்கு வந்த, பிஎச்பி என்ற இணைய நிரல்மொழியில் எழுதிய ஒரு பழைய தளத்தில், படிவத்தை நிரப்பி அனுப்பினால் 'உங்கள் பதிவு சேமிக்கப்பட்டது' என்று பச்சை எழுத்தில் வரும். டேட்டாபேஸில் போய்ப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. லாகிலும், அதாவது பிழைகள் பதிவாகும் கோப்பிலும், ஒரு வரி கிடையாது. இரண்டு நாள் தேடிய பிறகு கண்ணில் பட்டது இதுதான்:

ட்ரை {
    $பதிவேடு->சேமி($தரவு);
} கேட்ச் (எக்செப்ஷன் $பிழை) {
}

ட்ரைக்குள் இருக்கும் வரி தவறினால் எழும் பிழைப் பொருள்தான் எக்செப்ஷன், அதைப் பிடித்துக் கவனிப்பது கேட்ச். இங்கே கேட்ச்சின் அடைப்புக்குறிகளுக்கு நடுவே வெற்றிடம். டேபிளில் ஒரு நெடுவரிசையின் பெயரை யாரோ மாற்றியிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் டேட்டாபேஸ் கத்தியிருக்கிறது, இந்த வெற்று கேட்ச் அதன் வாயைப் பொத்தியிருக்கிறது. ட்ரையும் கேட்ச்சும் போடாமலே விட்டிருந்தால் பக்கம் முதல் நாளே உடைந்திருக்கும், அன்றைக்கே யாராவது சரி செய்தும் இருப்பார்கள்.

எக்செப்ஷன் பற்றிய பாடங்கள் வழக்கமாக ட்ரை, கேட்ச் என்றுதான் ஆரம்பிக்கும். படிக்கிறவரும் அடுத்த நாளே எல்லா வரிகளையும் ட்ரைக்குள் போட்டு மூடிவிடுவார். இங்கே தலைகீழாகப் போகப்போகிறேன். எந்தப் பிழையும் காணாமல் போகாதபடி முதலில் ஏற்பாடு செய்வோம், அப்புறம் எல்லாவற்றுக்கும் மேலே ஒரே ஒரு வலை கட்டுவோம், கேட்ச் கடைசியில் வரும்.

ஒரு விஷயம். நிரல் வரிகளில் பிஎச்பியின் சொற்களை உச்சரிக்கிறபடி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். உங்கள் கோப்பில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். ஆனால் $பிழை, $தரவு போன்ற மாறிப் பெயர்களை அப்படியே தமிழில் எழுதினாலும் பிஎச்பி ஏற்றுக்கொள்ளும், யூடிஎஃப்-8 கோப்பாக இருந்தால் போதும்.

எரர் ஒரு பக்கம், எக்செப்ஷன் ஒரு பக்கம்

பிஎச்பியில் குழப்பம் வருவதற்கு அதன் வரலாறே காரணம். ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1995இல் வெளியிட்டபோது இதில் எக்செப்ஷன் என்ற பேச்சே இல்லை. ஏதாவது தவறினால் ஃபங்ஷன் ஃபால்ஸ் என்று திருப்பும், கூடவே ஒரு வார்னிங்கைத் திரையில் கொட்டும், நிரல் அது பாட்டுக்கு அடுத்த வரிக்குப் போய்விடும். 2004இல் வந்த 5ஆம் பதிப்புதான் த்ரோ (எக்செப்ஷனை எறியும் சொல்), ட்ரை, கேட்ச் மூன்றையும் கொண்டுவந்தது. ஃபைனலி 2013இல் 5.5 பதிப்போடு வந்தது. ஆனால் பழைய ஃபங்ஷன்கள் பழைய வழக்கத்தை விடவில்லை. கோப்பைப் படிக்கும் ஃபைல்_கெட்_கன்டென்ட்ஸ் இன்றைக்கும் கோப்பு இல்லையென்றால் வார்னிங் தந்து ஃபால்ஸ் திருப்புமே தவிர, எக்செப்ஷன் எறியாது. அதைச் சுற்றி ட்ரை போட்டுவிட்டு 'ஏன் பிடிபடவில்லை' என்று முழிப்பது இந்த மொழிக்கு வரும் எல்லோருக்கும் நடப்பதுதான்.

2015 டிசம்பரில் வந்த 7ஆம் பதிப்பு இன்னொரு பெரிய மாற்றத்தைச் செய்தது. அதுவரை நிரலை அந்த இடத்திலேயே நிறுத்திய ஃபேட்டல் எரர்களில் பெரும்பாலானவை எறியப்படும் பொருள்களாக மாறின. உச்சியில் த்ரோயபிள் என்ற இன்டர்ஃபேஸ், அதற்குக் கீழே இரண்டு கிளைகள். ஒன்று எக்செப்ஷன், இன்னொன்று எரர். டேட்டாபேஸ் கிடைக்கவில்லை, உள்ளீடு சரியில்லை போன்றவை எக்செப்ஷன் பக்கம். இல்லாத ஃபங்ஷனைக் கூப்பிட்டது, எண் வரவேண்டிய இடத்தில் அர்ரே வந்தது, பூஜ்யத்தால் வகுத்தது போன்றவை எரர் பக்கம். முக்கியமான விஷயம், கேட்ச்சில் எக்செப்ஷன் என்று மட்டும் எழுதினால் எரர் கிளையில் வருவது எதுவும் அதில் சிக்காது. இரண்டையும் பிடிக்க த்ரோயபிள் என்று எழுத வேண்டும்.

படி 1: அமைப்புகள்

பிஎச்பியின் ஐஎன்ஐ கோப்பில் மூன்று வரிகளைப் பாருங்கள். எரர்_ரிப்போர்ட்டிங் எப்போதும் இ_ஆல் (எல்லா வகைப் பிழையும்). லாக்_எரர்ஸ் எப்போதும் ஆன். டிஸ்ப்ளே_எரர்ஸ் உங்கள் கணினியில் ஆன், மக்கள் பார்க்கும் சர்வரில் ஆஃப்.

மூன்றாவதைப் பாதுகாப்புக்காக ஆஃப் செய்யச் சொல்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியும். இன்னொரு காரணமும் உண்டு. டிஸ்ப்ளே_எரர்ஸ் ஆஃபில் இருந்து, ஹெடர்கள் (பதிலின் தலைப்பு வரிகள்) இன்னும் போகாமல் இருந்தால், பிடிபடாத எக்செப்ஷனுக்கு பிஎச்பி தானாகவே 500 (சர்வரில் பிழை) என்ற ஸ்டேட்டஸை அனுப்பும். ஆனில் இருந்தால் பிழைச் செய்தியை அச்சிட்டுவிட்டு 200 (எல்லாம் சரி) என்றே அனுப்பிவிடும். பக்கம் உடைந்து கிடக்கும், கண்காணிப்புக் கருவியோ 'எல்லாம் நலம்' என்று காட்டிக்கொண்டிருக்கும்.

படி 2: வார்னிங்கையும் எக்செப்ஷனாக மாற்றுதல்

இரண்டு பாதைகள் இருப்பதுதான் தொல்லை என்றால், ஒன்றை இன்னொன்றோடு சேர்த்துவிடலாம். நிரல் தொடங்கும் கோப்பின் உச்சியில் இதை எழுதுங்கள்:

செட்_எரர்_ஹேண்ட்லர்(ஃபங்ஷன் ($நிலை, $செய்தி, $கோப்பு, $வரி) {
    இஃப் (!(எரர்_ரிப்போர்ட்டிங்() & $நிலை)) {
        ரிட்டர்ன் ஃபால்ஸ்;
    }
    த்ரோ நியூ எரர்எக்செப்ஷன்($செய்தி, 0, $நிலை, $கோப்பு, $வரி);
});

இனிமேல் ஃபைல்_கெட்_கன்டென்ட்ஸ் தரும் வார்னிங்கும் எக்செப்ஷனாக வந்து விழும். இஃப் வரி எதற்கு என்றால், யாராவது ஒரு வரிக்கு முன்னால் @ குறி போட்டு வார்னிங்கை அடக்கியிருந்தால் அதை மதிப்பதற்கு. பழைய நிரல்களில் எரர்_ரிப்போர்ட்டிங் பூஜ்யமா என்று நேரடியாக ஒப்பிட்டிருப்பார்கள். 8ஆம் பதிப்பில் அது வேலை செய்யாது. @ போட்டாலும் ஆபத்தான பிழைகள் அடங்கக் கூடாது என்று முடிவெடுத்ததால், இப்போது அந்த ஃபங்ஷன் பூஜ்யத்துக்குப் பதில் 4437 என்று திருப்பும். மேலே உள்ளபடி & குறியால் சோதித்தால் பழைய பதிப்பு, புதிய பதிப்பு இரண்டிலும் சரியாக நடக்கும்.

பல வருடம் ஓடிய தளத்தில் இதை ஒரேயடியாக இறக்கிவிடாதீர்கள். டெப்ரிகேட்டட் அறிவிப்புகள் (கைவிடப்படப்போகும் வசதிகளைப் பற்றியவை) எல்லாம் எக்செப்ஷனாகிப் பக்கம் பக்கமாக விழும். அந்த நிலையை மட்டும் பிரித்து லாகுக்கு அனுப்பிவிட்டு, மீதியை எறியுங்கள்.

படி 3: எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வலை

எங்கும் பிடிபடாமல் மேலே வருவதை வாங்கிக்கொள்ள செட்_எக்செப்ஷன்_ஹேண்ட்லர் இருக்கிறது. அதற்குக் கொடுக்கும் ஃபங்ஷனின் மாறிக்கு வகை எழுதுவதாக இருந்தால் த்ரோயபிள் என்றே எழுதுங்கள். 5ஆம் பதிப்பு காலத்தில் எக்செப்ஷன் என்று எழுதியது அப்படியே கிடந்தால், எரர் கிளையில் ஒன்று வரும்போது வலையே அறுந்துவிடும்.

அந்த ஃபங்ஷனுக்குள் செய்ய வேண்டியவை அதிகம் இல்லை. முதலில் ஒரு அடையாள எண் உருவாக்குங்கள். ரேண்டம்_பைட்ஸ்(4) தருவதை பின்2ஹெக்ஸில் கொடுத்தால் எட்டு எழுத்து கிடைக்கும். அந்த எண்ணோடு சேர்த்து முழுப் பிழையையும் எரர்_லாக் வழியாக எழுதுங்கள். பிழைப் பொருளை அப்படியே சரமாக மாற்றினாலே செய்தி, கோப்பு, வரி எண், அழைப்புச் சங்கிலி எல்லாம் வந்துவிடும், ஒவ்வொன்றாக எடுத்துக் கோக்க வேண்டியதில்லை. அப்புறம் ஹெச்டிடிபி_ரெஸ்பான்ஸ்_கோட்(500). இதை நீங்கள்தான் எழுத வேண்டும், ஏனென்றால் சொந்த ஹேண்ட்லர் போட்ட பிறகு பிஎச்பி தானாக 500 அனுப்பாது. கடைசியாகப் பயனருக்கு எளிமையான ஒரு பக்கம்: 'ஏதோ தவறாகிவிட்டது, மீண்டும் முயலுங்கள். குறிப்பு எண்: ' என்று சொல்லி அந்த எட்டு எழுத்தையும் காட்டுங்கள். அவர் அந்த எண்ணோடு எழுதினால் லாகில் ஒரே தேடலில் இடத்தைப் பிடித்துவிடலாம். இந்த ஒரு ஏற்பாட்டால் நான் மிச்சப்படுத்திய நேரம் கொஞ்சநஞ்சமல்ல.

இந்த வலையிலும் சிக்காதவை இருக்கின்றன. நினைவகம் தீர்ந்துபோவது, நேர வரம்பு முடிந்துபோவது இரண்டும் எறியப்படுவதில்லை, நிரல் அங்கேயே நின்றுவிடும். அவற்றுக்கு ரெஜிஸ்டர்_ஷட்டவுன்_ஃபங்ஷன். நிரல் இப்படி நின்றாலும் அது கூப்பிடப்படும். அதற்குள் எரர்_கெட்_லாஸ்ட் என்ன திருப்புகிறது என்று பார்த்து, வகை இ_எரர் என்றால் அதே பிழைப் பக்கத்தைக் காட்டலாம்.

படி 4: எங்கே பிடிப்பது

இப்போதுதான் கேட்ச்சுக்கு வருகிறோம். மேலே வலை இருப்பதால் கீழே ஒவ்வொரு இடத்திலும் பயந்து பிடிக்க வேண்டிய அவசியம் இல்லை. கேட்ச் எழுதக் கை போகும்போது உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த இடத்தில் பிடித்து என்ன செய்யப் போகிறேன்? மறுபடி முயலப் போகிறேன், வேறு வழியில் எடுக்கப் போகிறேன், பயனருக்குப் பொருத்தமான ஒரு செய்தி காட்டப் போகிறேன், செய்ததைத் திரும்பப் பெறப் போகிறேன் என்று ஏதாவது பதில் இருந்தால் பிடியுங்கள். 'லாகில் எழுதப் போகிறேன்' என்பது மட்டும்தான் பதில் என்றால் விட்டுவிடுங்கள், மேலே இருக்கிற வலை அதைச் செய்யும்.

ஒரு நூலக மென்பொருளை எடுத்துக்கொள்வோம். உறுப்பினர் ஒரு நூலை இரவல் கேட்கிறார். பிரதி எல்லாம் வெளியே போயிருக்கிறது என்றால் 'இப்போது பிரதி இல்லை' என்று சொல்லலாம், அதைப் பிடிப்பதில் அர்த்தம் இருக்கிறது. டேட்டாபேஸ் சர்வரே கிடைக்கவில்லை என்றால் இரவல் பக்கம் அதற்கு என்ன செய்ய முடியும்? மேலே போகட்டும்.

பிடிக்கும்போது குறுகலாகப் பிடியுங்கள். பல கேட்ச் இருந்தால் பிஎச்பி மேலிருந்து கீழே பார்த்து, பொருந்தும் முதல் ஒன்றோடு நின்றுவிடும். அதனால் எக்செப்ஷனை முதலில் எழுதிவிட்டு அதன் வாரிசான பிடிஓஎக்செப்ஷனை (டேட்டாபேஸோடு பேசும் பிடிஓ தொகுப்பு எறிவது) பின்னால் எழுதினால், இரண்டாவது கேட்ச் ஒருநாளும் ஓடாது. பிஎச்பி எச்சரிக்கவும் செய்யாது. இரண்டு வகைக்கு ஒரே வேலை என்றால் 7.1 முதல் நடுவே | குறி போட்டு ஒரே கேட்ச்சில் எழுதலாம். பிழைப் பொருள் தேவையே இல்லையென்றால் 8ஆம் பதிப்பு முதல் மாறியை விட்டுவிட்டு வகையை மட்டும் எழுதினால் போதும்.

இங்கே ஒரு குழி இருக்கிறது, அனுபவசாலிகளும் விழுவார்கள். கோப்பின் உச்சியில் நேம்ஸ்பேஸ் (பெயர்கள் மோதாமலிருக்க முன்னால் சேரும் குடும்பப் பெயர்) எழுதியிருக்கிறீர்கள், உதாரணமாக நேம்ஸ்பேஸ் நூலகம். கீழே கேட்ச் (எக்செப்ஷன் $பிழை) என்று எழுதுகிறீர்கள். பிஎச்பி இதை \நூலகம்\எக்செப்ஷன் என்று படித்துக்கொள்ளும். அப்படி ஒரு கிளாஸ் கிடையாது. இல்லாத கிளாஸின் பெயரை கேட்ச்சில் எழுதினால் பிஎச்பி எதுவும் சொல்லாது, 'பொருந்தவில்லை' என்று தாண்டிப் போய்விடும். நிரலைப் படித்தால் சரியாகவே தெரியும், பிடிக்க மட்டும் பிடிக்காது. ஒன்று, பெயருக்கு முன்னால் பின்சாய்வுக் கோடு போட்டு \எக்செப்ஷன் என்று எழுதுங்கள், இல்லையென்றால் கோப்பின் உச்சியில் யூஸ் வரி சேருங்கள். எழுத்துப்பிழைக்கும் இதே கதிதான், ஓர் எழுத்து விட்டுப்போனால் அந்த கேட்ச் வெறும் அலங்காரம். நிரலை ஓட்டாமலே படித்துச் சோதிக்கும் ஸ்டாட்டிக் அனலைசர் கருவி ஒன்றை ஓட்டினால் இவற்றையெல்லாம் காட்டிக்கொடுக்கும்.

படி 5: எறிய மறுப்பவற்றை எறிய வைத்தல்

சில லைப்ரரிகள் (ஆயத்த நிரல் தொகுப்புகள்) நாம் கேட்டால்தான் எறியும். ஜேசன் என்ற தரவு வடிவத்தைப் படிக்கும் ஜேசன்_டீகோட், கெட்டுப்போன சரத்துக்கு நல் (மதிப்பு இல்லை) என்று திருப்பும். ஆனால் 'நல்' என்ற சரியான ஜேசன் வந்தாலும் அதையேதான் திருப்பும், வித்தியாசம் தெரியாது. 7.3 முதல் ஜேசன்_த்ரோ_ஆன்_எரர் என்ற கொடியைக் கொடுத்தால் ஜேசன்எக்செப்ஷன் வரும். பிடிஓ 8.0 முதல் இயல்பாகவே எக்செப்ஷன் எறியும், மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸுக்கான மைஎஸ்க்யூஎல்ஐ 8.1 முதல். அதற்கு முந்தைய பதிப்பு என்றால் எரர் மோடை நீங்களே அமைக்க வேண்டும். பதிப்பை உயர்த்தியதும் 'திடீரென்று எல்லாம் உடைகிறது' என்று வரும் புகார்களில் ஒரு பகுதிக்கு இதுதான் காரணம். பிழைகள் அதற்கு முன்பும் இருந்தவைதான்.

உங்கள் சொந்த நிரலிலும் ஃபால்ஸ் திருப்பும் பழக்கத்தைக் குறையுங்கள். 8ஆம் பதிப்பில் த்ரோ ஒரு எக்ஸ்பிரஷனாகிவிட்டதால், அதாவது மதிப்பு வரும் இடத்திலும் எழுதலாம் என்பதால், ஒரே வரியில் முடிகிறது:

$நூல்எண் = $தரவு['நூல்எண்'] ?? த்ரோ நியூ இன்வேலிட்ஆர்கியூமென்ட்எக்செப்ஷன்('நூல் எண் இல்லை');

படி 6: சொந்த கிளாஸ்கள்

த்ரோயபிளை நேரடியாக இம்ப்ளிமென்ட் செய்ய பிஎச்பி அனுமதிக்காது, எக்செப்ஷனையோ அதன் வாரிசையோ எக்ஸ்டெண்ட் செய்ய வேண்டும். மொழியோடு வரும் எஸ்பிஎல் தொகுப்பில் இரண்டு குடும்பங்கள் இருக்கின்றன. லாஜிக்எக்செப்ஷன் என்றால் நிரல் எழுதியவர் தவறு, திருத்தினால் மறையும். ரன்டைம்எக்செப்ஷன் என்றால் ஓடும்போது வெளியிலிருந்து வரும் சங்கடம், திருத்த நிரலில் ஒன்றும் இல்லை. இந்தப் பிரிவை மனத்தில் வைத்துக்கொண்டு தேர்ந்தெடுத்தால் போதும், மீதியுள்ள பதினொன்றை மனப்பாடம் செய்ய வேண்டாம்.

பிரதிஇல்லை என்று ஒரு கிளாஸ் எழுதுகிறீர்கள் என்றால், நூல் எண்ணைச் செய்திச் சரத்துக்குள் திணிக்காமல் தனிப் பண்பாக வையுங்கள். பிடிக்கிறவர் செய்தியை வெட்டி எண்ணைத் தேடும்படி விடக் கூடாது.

கீழ்மட்டப் பிழையைப் பிடித்து மேல்மட்டப் பிழையாக மாற்றி எறியும்போது பழையதை மறக்காமல் மூன்றாவது ஆர்கியூமென்ட்டாகக் கொடுங்கள். பின்னால் கெட்பிரீவியஸ் வழியே சங்கிலியைப் பிடித்துக்கொண்டு மூலத்துக்குப் போகலாம். இதிலும் ஒரு சிக்கல். இரண்டாவது ஆர்கியூமென்ட் எண்ணாக இருக்க வேண்டும். பிடிஓஎக்செப்ஷனின் கெட்கோட் தருவதோ எஸ்க்யூஎல் ஸ்டேட் என்ற ஐந்தெழுத்துச் சரம். 23000 போன்றவை எண்ணாக மாறித் தப்பிவிடும். நெடுவரிசை இல்லை என்பதற்கான 42எஸ்22 போல எழுத்து கலந்தது வந்தால் வெடிக்கும், பிழையைச் சுற்றிக் கட்டும் வரியே புதுப் பிழையாகிவிடும். அங்கே 0 என்று கொடுத்துவிடுங்கள், மூலக் குறியீடு கெட்பிரீவியஸில் பத்திரமாக இருக்கும்.

படி 7: டிரான்சாக்ஷனும் ஃபைனலியும்

இரவல் கொடுக்கும்போது இரண்டு வேலை. பிரதிக் கணக்கில் ஒன்று குறைய வேண்டும், இரவல் டேபிளில் ஒரு வரி சேர வேண்டும். ஒன்று நடந்து மற்றது நடக்காவிட்டால் அலமாரியில் இருக்கிற நூல் கணக்கில் இருக்காது. அதனால் இரண்டையும் டிரான்சாக்ஷன் என்ற ஒரே கட்டாக ஓட்டுகிறோம்: கமிட் என்றால் இரண்டும் உறுதி, ரோல்பேக் என்றால் இரண்டும் ரத்து.

$டிபி->பிகின்டிரான்சாக்ஷன்();
ட்ரை {
    $பிரதிகள்->ஒன்றுகுறை($நூல்எண்);
    $இரவல்கள்->சேர்($நூல்எண், $உறுப்பினர்);
    $டிபி->கமிட்();
} கேட்ச் (த்ரோயபிள் $பிழை) {
    இஃப் ($டிபி->இன்டிரான்சாக்ஷன்()) {
        $டிபி->ரோல்பேக்();
    }
    த்ரோ $பிழை;
}

முதல் வரி ட்ரைக்கு வெளியே இருக்கிறது. டிரான்சாக்ஷன் தொடங்கவே முடியவில்லை என்றால் திரும்பப் பெற ஒன்றும் இல்லை. கேட்ச்சில் த்ரோயபிள் எழுதியிருப்பது, நடுவில் டைப்எரர் வந்தாலும் பாதியில் நிற்கக் கூடாது என்பதற்கு. இன்டிரான்சாக்ஷன் சோதனை இல்லாவிட்டால், டிரான்சாக்ஷன் ஏற்கெனவே முடிந்துபோன நிலையில் ரோல்பேக் இன்னொரு எக்செப்ஷனை எறியும், முதலில் வந்த உண்மையான பிழை அதோடு தொலைந்துவிடும். மைஎஸ்க்யூஎல்லில் டேபிளின் அமைப்பை மாற்றும் கட்டளை ஒன்று நடுவில் ஓடினால் டிரான்சாக்ஷன் தானாகவே கமிட் ஆகிவிடும் என்பதால் இது வெறும் கற்பனை அல்ல. கடைசி வரி மறுபடி எறிவது. அதை விட்டால், நான் முதலில் சொன்ன பச்சை எழுத்துக் கதைதான்.

உறுப்பினருக்கு மின்னஞ்சல் அனுப்பும் வரியை இந்த ட்ரைக்குள் வைக்காதீர்கள். கமிட்டுக்கு முன்னால் வைத்தால், ரோல்பேக் ஆனாலும் அஞ்சல் போயிருக்கும். பின்னால் வைத்தால், அஞ்சல் சர்வர் மக்கர் செய்ததற்காக நடந்து முடிந்த இரவல் 'தோல்வி' என்று காட்டப்படும். கமிட்டெல்லாம் முடிந்த பிறகு, வெளியே, அதற்கென்று தனி ட்ரை.

ஃபைனலி என்பது வெற்றியோ தோல்வியோ கட்டாயம் நடக்க வேண்டியவற்றுக்கு: பூட்டிய கோப்பைத் திறந்துவிடுவது, தற்காலிகக் கோப்பை அழிப்பது. அதற்குள் ரிட்டர்ன் எழுதாதீர்கள். ட்ரையில் வந்த ரிட்டர்னையும் அது தள்ளிவிடும், பறந்துகொண்டிருக்கும் எக்செப்ஷனையும் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். ட்ரைக்குள் எக்ஸிட் கூப்பிட்டால் ஃபைனலி ஓடவே ஓடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

படி 8: லாகில் போய் உட்காரும் ரகசியங்கள்

அழைப்புச் சங்கிலியில் ஃபங்ஷன்களுக்குக் கொடுத்த மதிப்புகளும் பதிவாகக்கூடும். டேட்டாபேஸ் இணைப்பு தோற்கும்போது கடவுச்சொல் லாகுக்குப் போவது இந்த வழியில்தான். 7.4இல் வந்த ஜெண்ட்.எக்செப்ஷன்_இக்னோர்_ஆர்க்ஸ் என்ற அமைப்பை ஆன் செய்தால் மதிப்புகள் சங்கிலியில் சேராது, சர்வரில் அதை ஆன் செய்தே வையுங்கள். 8.2 முதல் குறிப்பிட்ட ஒரு பாராமீட்டருக்கு மட்டும் சென்சிட்டிவ்பாராமீட்டர் என்ற ஆட்ரிபியூட்டைச் சேர்த்து மறைக்கலாம். அதேபோல் கெட்மெசேஜ் தருவதை அப்படியே பயனருக்குக் காட்ட வேண்டாம், அதில் டேபிள் பெயரும் சர்வர் பெயரும் இருக்கும்.

படி 9: உடைத்துப் பார்த்தல்

யூனிட் டெஸ்ட் (நிரலின் சிறு பகுதிகளைத் தனித்தனியே சோதிக்கும் நிரல்) எழுதுங்கள், பிஎச்பியூனிட் என்ற சோதனைக் கருவியில் எக்ஸ்பெக்ட்எக்செப்ஷன் இருக்கிறது. ஆனால் வலை வேலை செய்கிறதா என்று அறிய, கையாலேயே உடைத்துப் பார்ப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. உங்கள் கணினியில் டிஸ்ப்ளே_எரர்ஸை ஆஃப் செய்துவிட்டு, டேட்டாபேஸ் சர்வரை நிறுத்திப் பக்கத்தைத் திறங்கள். பிறகு அதை மீண்டும் ஓடவிட்டு, ஒரு ஃபங்ஷன் பெயரில் எழுத்தை மாற்றித் திறங்கள். அப்புறம் இல்லாத கோப்பு ஒன்றைப் படிக்கச் சொல்லுங்கள். கடைசியாக, முடிவில்லாத லூப்பில் ஒரு அர்ரேயை நிரப்பி நினைவகத்தைத் தீர்த்துப் பாருங்கள். நான்கு தடவையும் பிரவுசரின் நெட்வொர்க் பகுதியில் 500 என்று தெரிய வேண்டும், திரையில் உள்ள குறிப்பு எண் லாகிலும் இருக்க வேண்டும். நான்காவதில் மட்டும் வெள்ளைப் பக்கம் வந்தால், ஷட்டவுன் ஃபங்ஷனைப் பதிவு செய்யும் வரி கோப்பில் தாமதமாக வருகிறதா என்று பாருங்கள். அதை முதல் வரிகளுக்கு ஏற்றிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.